கடல் நம்பிய ஓலை

பதினோரு நாளாகக் கடலில் காணாமல் போயிருந்த என் அண்ணன் ரெமிஜியுசுக்கும் பபியோலா மைனிக்கும் மூன்றாவது ஓலையை ஃபாதர் வென்சிலாஸ் வாசித்து முடித்தபோது கோயிலில் ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை. பாதி வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, ஆனால் இருபத்திரண்டு வருசமாக ஓலை வாசித்துப் பழகின வாய் அதுபாட்டுக்குக் கடைசிவரைக்கும் போய்விட்டது: "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

யாரும் எழும்பவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், மைனி என்றால் அண்ணி. எங்கள் சந்தனத்துறைப் பங்கில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முந்தி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் ஊர் முன்னால் வாசிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. ஓலை போய்த் தாள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி உண்டு, அவனும் அவளும் ரத்த உறவு, இப்படி எதுவும் தெரிந்தவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மூன்று தடவை கேட்டும் ஒருத்தரும் சொல்லாவிட்டால் தடை இல்லை என்று அர்த்தம். செத்துப்போனது தடையா என்று கேட்டால், அதைவிடப் பெரிய தடை கிடையாது. அதைச் சொல்ல அன்றைக்கு எழும்பியிருக்க வேண்டியது எங்கள் அப்பா, இல்லை என்றால் நான், இல்லை என்றால் மைனி, இல்லை என்றால் எஞ்சினில் சுற்றிய வலையை அறுக்க அண்ணன் கத்தியைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்து, அவன் மேலே வராமல் தாங்கள் மட்டும் கரைக்கு வந்த அந்த இரண்டு பேர். நாங்கள் எல்லாரும் கோயிலில்தான் இருந்தோம். எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

இதில் இன்னொரு அசிங்கமும் உண்டு. அதே தாளில் மூன்றாவது அறிவிப்பு, ரெமிஜியுசின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திங்கட்கிழமை காலை பூசை. நாலாவது, பேரூராட்சிக் குடிதண்ணீர் இனி ஒன்றுவிட்ட நாள்தான் வரும். ஐந்தாவது, ஏழாவது வார்டில் நாய்களுக்கு ஊசி போடும் முகாம். ஆறாவது, கிழக்குத் தெரு வீடுகளின் மாதக் கூட்டம். ஏழாவது, செத்தவனின் கல்யாணம். கோயில் செய்தியும் பேரூராட்சிச் செய்தியும் எங்கள் ஊரில் ஒரே தாளில்தான் வரும், ஏனென்றால் பேரூராட்சி ஒட்டுகிற நோட்டீசை ஆடு தின்றுவிடும், பூசையில் வாசித்தால்தான் சனம் கேட்கும்.

அந்தத் தாளை அடித்தவன் நான்தான். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சும்மா சுற்றின என்னைக் கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். என்னடா இப்படிப் பண்ணிவிட்டாய் என்று கேட்ட எல்லாரிடமும், பழைய தாளைத் திறந்து தேதியை மாற்றினேன், ஓலையை எடுக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பொய். மறக்கவில்லை. முந்தின ஞாயிறு ஊரே படகெடுத்து அவனைத் தேடிப் போயிருந்ததால் அறிவிப்பே வாசிக்கவில்லை, அதற்கும் முந்தின ஞாயிற்றின் தாள் அப்படியே இருந்தது, அண்ணன் பெயர் இருந்த வரியில் கர்சர் போய் நின்று துடித்தது. அழிக்கிற பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் ஒரு எழுத்துதான் போகும். கடைசி எழுத்திலிருந்து தொடங்கி அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். எனக்கு முடியவில்லை. 'இரண்டாவது' என்று இருந்ததை 'மூன்றாவது' ஆக்கினேன், அது சுலபமாக இருந்தது, பிரிண்ட் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

பூசை முடிந்து வாசல் கதவைத் திறந்தார்கள். எங்கள் கோயில் கடலைப் பார்த்தது. கடலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

கரையிலிருந்து கூப்பிடு தூரம். நெஞ்சுவரை தண்ணீர். அந்த இடத்தில் நாலு ஆள் ஆழம் என்று ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். போன அன்று போட்டிருந்த எங்கள் தெருக் கால்பந்துக் குழுவின் ஏழாம் நம்பர் பனியன், அதே வகிடு, கண் திறந்து கரையைப் பார்த்தபடி. அலை வந்தால் அவனைச் சுற்றிக்கொண்டு போனது, வெள்ளம் ஏறினாலும் வற்றினாலும் அவன் நெஞ்சுக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சனம் ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுமனேயுமாக நின்று பார்த்தது. கோயில் உபதேசியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப நாளைக்கு அந்தப் பூசை உண்டுமா சாமி?"

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார் ஃபாதர்.

அன்று மத்தியானமே எட்டு பேர் படகில் போய் அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள், அசைக்க முடியவில்லை, கடலையே சேர்த்துத் தூக்குகிற மாதிரி கனக்கிறான் என்று திரும்பி வந்து கையை உதறினார்கள். கூப்பிட்டால் பேசவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் கண் சிமிட்டவில்லை, ஆனால் செத்த கண்ணும் இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவன் கண். ஃபாதர் ஒருநாள் அங்கியோடு போய்த் தீர்த்தம் தெளித்தார். அவருக்குப் பின்னால் கவுன்சிலர் செலஸ்டின் போய்ப் பொன்னாடை போர்த்தினார், அது நனைந்து நழுவி மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கியது, ஒரு பெண்பிள்ளை அதை எடுத்துக் கோழிக்கூட்டுக்கு மேலே கட்டியது.

பிறகு ஊர் பழகிவிட்டது. ஒரு வாரம்கூட எடுக்கவில்லை. படகுகள் அவனுக்கு வலப்பக்கமாகப் போய் இடப்பக்கமாக வந்தன, போகிறபோது "வாறோம் ரெமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வலை விட்ட இடத்தை அடுத்தவனுக்குச் சொல்ல "ரெமிக்கு நேரே வெளியே" என்றார்கள். நீர்க்காக்கை அவன் தோளில் உட்கார்ந்து சிறகு காயவைத்தது. எங்கள் பையன்கள் கரையில் பந்து விளையாடும்போது கோல் விழுந்தால் அவன் பக்கம் திரும்பிக் கத்தினார்கள். பூசையில் அவனுக்காக வேண்ட வேண்டும், ஆனால் நோயாளிகளோடு சேர்ப்பதா இறந்தவர்களோடு சேர்ப்பதா என்று பங்குப் பேரவையில் இரண்டு கூட்டம் சண்டை நடந்தது, கடைசியில் 'பயணத்தில் இருப்போர்' என்ற தலைப்பில் அவன் பெயரை என்னையே அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன்.

மைனியின் அம்மா பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், எதுவென்றாலும் ஒரு முடிவு வேண்டும், இறப்புச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்டது. கிளார்க் பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கரைக்கே வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஆளு நிக்காருல்லா. நிக்க ஆளுக்கு நான் எப்பிடிம்மா இறப்பு போடுவேன்?"

"அப்ப உசுரோட இருக்கான்னு எழுதித் தாரும்."

"அதுக்கு அவரு நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே."

அப்பா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஐஸ் பிளாண்ட் வேலை முடிந்து வந்ததும் கல்யாணத்துக்கு வாங்கிவைத்திருந்த பச்சைப் பெயிண்டை எடுத்து வீட்டு முகப்பை அடித்தார். அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் யாரும் சுவரைத் தொட்டதில்லை. உப்புக்காற்றில் மாதத்துக்குள் செதில் செதிலாக உரியும், அவர் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"யாருக்குப்பா இந்தப் பெயிண்டு?"

"கல்யாண வீடுல்லாலே."

பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

இனிமேல்தான் மைனி கதை. முதல் ஓலை வாசித்த அன்றே அதை மைனி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன், அண்ணன் தலையில் குட்டினான், மைனி சிரித்தது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் மஸ்கட் போவதாக இருந்தது, மைனிக்கு அங்கே வேலை உறுதியாகிவிட்டது, அண்ணனுக்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவன் கடலில் நின்ற முதல் ஏழு நாளும் மைனி காலையும் மாலையும் கரைக்கு வந்து நின்று பார்த்தது. அந்த ஏழு நாளும் கடல் தட்டில் ஊற்றிவைத்த கஞ்சி மாதிரி கிடந்தது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் மைனிக்குப் பகல் டியூட்டி. சாயந்தரம் நாலு மணிக்கு, காற்றே இல்லாத நேரத்தில், கடல் எழும்பி, கரை அடைய வந்த இரண்டு படகைக் கவிழ்த்தது, ஒருத்தருக்குத் தொடை எலும்பு முறிந்தது. மைனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடிவந்து நின்றதும் அலை அப்படியே படுத்துக்கொண்டது. எல்லாரும் பார்த்தார்கள். இந்தத் தடவை கவனிக்காத ஆள் இல்லை.

மறுநாள் காலை கவுன்சிலரும் இன்னும் நாலு பேரும் மைனி வீட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணும் பெருசா இல்ல மக்கா" என்றார் செலஸ்டின். "வள்ளம் வெளியே போறப்ப ஒருக்கா, வந்து அடையறப்ப ஒருக்கா. சும்மா நின்னா போதும். ஒம் மாப்பிள்ளையத்தான பாக்கப்போற?"

மைனி நின்றது. காலையும் மாலையும் என்றவர்கள், நடுவில் வலை இழுக்கிறவர்களுக்காக மத்தியானமும் என்றார்கள். டியூட்டிக்குப் போக முடியாமல் வேலை போனது. வெயில் என்று ஒருத்தர் குடை கொடுத்தார், ஒருத்தர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், ஒரே மாதத்தில் ஏழாவது வார்டு உறுப்பினர் செலஸ்டின் அவர்களின் சீரிய முயற்சியால் என்று நீலத்தில் எழுதின சிமெண்டு நிழற்குடை ஒன்று கரையில் எழும்பிவிட்டது. எங்கள் தெரு முக்கில் ஒரு விளக்குப் போட நாலு வருசம் மனு எழுதினோம், இதற்கு இருபத்தாறு நாள். பெண்டுகள் மல்லிகைப்பூ கொண்டுவந்து மைனி தலையில் வைத்தார்கள். வெளுத்த சேலை உடுத்தினால் கடிந்துகொண்டார்கள். வேறு ஊர்ப் படகுகளும் எங்கள் துறையில் வந்து அடைய இடம் கேட்டன. யாருக்கும் மைனிமேல் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, எல்லாருக்கும் உயிர். அதுதான் கொடுமை. வெறுக்கிறவர்களை விட்டு ஓடிவிடலாம்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் ஐஸ் பிளாண்டில் அப்பாவுக்கு டீ கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மைனி என்னைக் கூப்பிட்டது. நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. எதிரே அண்ணன் நின்றான்.

"இந்தா தொபி, இதப் படி."

மஸ்கட் ஆஸ்பத்திரிக் கடிதம். இரண்டு தடவை தேதி தள்ளிக் கொடுத்தாயிற்று, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வந்து சேரவில்லை என்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

"யாருக்கும் சொல்லாம போயிருங்க மைனி."

"போயிருவேன். மறுநா கடல் எந்திச்சு நாலு பேரு போயிட்டான்னு சேதி வந்தா, அங்க எவன் நாடியப் புடிச்சு நான் எண்ணுவேன்?"

மைனி குடையை மடக்கி மடக்கி விரித்தது.

"அவிய காணாம போன அன்னைக்கிருந்து பதினோரு நாளு அழுதேன். பன்னெண்டாம் நாளு நிப்பாட்டிட்டாங்க. கல்யாணப் பொண்ணு கண்ணக் கசக்கப்புடாதாம். மிச்ச அழுக அப்பிடியே உள்ள கெடக்கு தொபி. ராசா மாதிரி ஒரு மனுசன். அவியளுக்கு உக்காந்து ஒரு நாள் முழுக்க அழ எனக்கு எடம் இல்ல."

அப்போதுதான் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வராது.

"நான் மறக்கல மைனி. தெரிஞ்சுதான் ஓலைய விட்டேன்."

அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"தெரியும்" என்றது. "நானும்தான் அன்னைக்கு எந்திக்கல. எந்திச்சா அவிய செத்தது நெசமாயிரும்னு இருந்துச்சு." அண்ணனைப் பார்த்துக்கொண்டே, "அவிய அங்க நிக்கது அவியளுக்கும் நல்லதில்ல. காலு எவ்வளவு வலிக்கும்" என்றது. நர்ஸ் சொல்கிற மாதிரி சொன்னது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து பள்ளிக்கூட ஹாலில் பங்குப் பேரவை கூடியது. பெஞ்சுகளை இழுத்துப்போட்டு ஊர்ப் பாதியும் உள்ளே, மீதி ஜன்னலில். ஃபாதர் எழும்பினார்.

"தப்பு என்மேல. ஊரு முன்னால நான் கேட்டேன், ஊரு வாயத் தொறக்கல. கடல் அத நம்பிருச்சு. தடை இல்லன்னு நெனச்சு அவனப் பாதி வழில கொண்டாந்து நிறுத்தியிருக்கு. இனி ஊர்ட்ட கேட்டுப் பிரயோசனம் இல்ல, வாசிச்சது வாசிச்சதுதான். யாராச்சும் போயி அவன்ட்டயே சொல்லணும், அப்பத்தான் அவனும் போவான், கடலும் அந்தப் புள்ளைய விடும்."

"என்னன்னு சாமி?" என்றார் செலஸ்டின்.

"நீ செத்துட்டேன்னு."

ஹாலில் ஒரு சத்தம் எழும்பி அடங்கியது.

"சாமி, கோவிக்கப்புடாது" என்று செலஸ்டின் கும்பிட்டார். "மூணு மாசமா ஒரு வள்ளம் கவுரல. ஒரு தாலி அறுபடல. கடல் நமக்குக் கட்டுப்பட்டுக் கெடக்கு. இத எதுக்குப் போயி நோண்டணும்?"

"அந்தப் புள்ளையக் கட்டிப்போட்டுல்லாவே அது கட்டுப்பட்டுக் கெடக்கு."

"யாரு கட்டிப்போட்டா? சேருக்கு மேல ஃபேன்கூட எழுதிக் கேட்டிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். அதே நேரம் ஜன்னல் கண்ணாடிகள் அதிரத் தொடங்கின. கடல் சத்தம். திரும்பிப் பார்த்தால் மைனி கரையில் இல்லை, ஹால் வாசலில் நின்றது, காலெல்லாம் மணல்.

"கேக்குதா?" என்றது. "நான் இங்க நிக்கேன், அங்க சத்தம் கேக்குதா? இதுக்குப் பேரு கல்யாணமா, காவலா? எனக்குச் சொல்லுங்க. நீங்க சொல்லுறதக் கேட்டுட்டுப் போயிருறேன்."

ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கு இது பழக்கம்.

"மக்கா, பேசிக்கிடலாம்" என்றார் செலஸ்டின், எழும்பி நின்று. "மொதல்ல நீ கரைக்குப் போ. வள்ளம் பன்னெண்டு வெளிய நிக்கி. என் மவனும் அதுலதான் இருக்கான்."

மைனி அவரைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, திரும்பிக் கரைக்கு நடந்தது. அது போன பத்து நிமிசத்தில் கண்ணாடி அதிர்வது நின்றது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டாம் என்று வாதாட யாருக்கும் முகம் இல்லை. யார் போய்ச் சொல்வது என்பதுதான் மிச்சம். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நகக்கண்ணெல்லாம் பச்சைப் பெயிண்டோடு அவர் எழும்பினார்.

"எம் மவனுக்கு நான் பேரு விட்டேன். சாவு விட மாட்டேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எழுதினவன் போகட்டும்" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்.

நியாயமான பேச்சு. எழுதினவன் நான்.

இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள், கரை முழுக்கச் சனம், படகெல்லாம் பாதுகாப்பாக மணலுக்கு மேலே ஏற்றிவைத்திருந்தது. நிழற்குடையில் மைனி சேலை உடுத்தாமல் சுடிதார் போட்டிருந்தது, தலையில் பூ இல்லை, நாற்காலிக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி. ராத்திரி ரயில். ஃபாதர் என் தோளைப் பிடித்து இருத்திச் சின்னப் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார்.

"மூணே வார்த்த. அண்ணே, நீ செத்துட்டே. வேற ஒண்ணும் பேசாத. அவன் என்ன கேட்டாலும் பதில் சொல்லாத. சொன்னதும் திரும்பிரு. என்ன சொல்லணும்?"

"அண்ணே, நீ செத்துட்டே."

"இன்னொருக்கா."

"அண்ணே, நீ செத்துட்டே."

எனக்கு எந்தப் பயமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சார் மூஞ்சிக்கு நேரே நீர் நடத்துவது உமக்கே புரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். உண்மையைச் சொல்ல எனக்கு என்ன. கரையோரக் கடலில் நண்டு வலைக்குப் போகிற தெர்மாகோல் மிதவை ஒன்றில் குந்திக்கொண்டு, பலகையால் தள்ளித் தள்ளிப் போனேன். மைனி நின்றதால் தண்ணீர் அசையவே இல்லை.

கிட்டத்தில் போய்ப் பார்த்தபோது அவன் மிதக்கவில்லை, தொங்கவில்லை, நிஜமாக நின்றான். புருவத்தில் உப்பு. கழுத்தில் அம்மாவின் பழைய மாதா உத்தரியக் கயிறு. கரையையே பார்த்துக்கொண்டிருந்த கண், மூன்று மாதத்தில் யாரையும் பார்க்காத கண், என்னிடம் திரும்பியது.

"என்னலே" என்றான் அண்ணன். "மெலிஞ்சிட்டே."

என் கையிலிருந்த பலகை தண்ணீரில் விழுந்தது, அவன் குனிந்து அதை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"தெரு முக்குல லைட்டு போட்டானா செலஸ்டின்?"

பதில் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியும்.

"போட்டான்" என்றேன். "ரெண்டு நாளு எரிஞ்சுச்சு."

சிரித்தான். முன்பல் கொஞ்சம் உடைந்திருக்கும், அது அப்படியே இருந்தது.

"தண்ணி வருதா?"

"ஒண்ணுவிட்ட நாள்."

"நாய் ஊசி?"

"வந்தானுவ. நம்ம கறுப்பு மட்டும் ஆப்புடல, ஒளிஞ்சிக்கிட்டு."

"டீமு?"

"செமில தோத்துட்டோம். ஏழாம் நம்பர எவனும் போடல, பத்துப் பேரா ஆடினோம்."

"கோட்டிக்காரப் பயலுவ. யாருக்காச்சும் குடுக்க வேண்டியதுதான?" என்றான். நிஜமாகவே கோபப்பட்டான். பிறகு, "அப்பா?" என்றான்.

"பெயிண்டு அடிக்காரு."

"என்ன கலரு?"

"பச்ச."

"அடப்பாவி. நான் நீலம்ல சொன்னேன்."

இப்படியே கேட்டுக்கொண்டிருந்தான், நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கிழக்குத் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, ரேஷன் கடையைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்றிவிட்டார்கள், கோயில் மணிக்குப் புதுக் கயிறு, எல்லாம் சொன்னேன், ஒன்றுவிடாமல், பதினேழு வருசத்தில் அவனிடம் இவ்வளவு நேரம் நான் பேசினதே இல்லை, வீட்டில் இருந்தபோது அவன் ஒரு வார்த்தை கேட்டால் எரிந்துவிழுவேன். வெயில் சாய்ந்து அவன் நெற்றி உப்பு மினுங்கியது. கரையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணனும் கரையைப் பார்த்தான்.

"மூணாவது ஓல வாசிச்சாச்சாலே?"

"வாசிச்சாச்சு."

"யாராச்சும் எந்திச்சாங்களா?"

"ஒருத்தரும் எந்திக்கல."

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியாது.

"அவளக் கொஞ்சம் நிக்கச் சொல்லு, என்ன?" என்றான்.

நான் பலகையால் தண்ணீரைத் தள்ளி மிதவையைத் திருப்பினேன். நான் திரும்பியதைப் பார்த்ததும் கரையில் சனம் மொத்தமும் முழங்கால் போட்டது, அப்பா மட்டும் நின்றார், மணலில் தனியாக. மைனி பெட்டியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டது, தோள் குலுங்குவது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. மூன்று மாதம் உள்ளே கிடந்ததை அது அழத் தொடங்கிவிட்டது. நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அழுகிறது.

அண்ணன் பாவம் என்று விட்டேன் என்று சொல்லமாட்டேன். அவனுக்குக் கால் வலிக்கும். எனக்காகத்தான் விட்டேன். அவன் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன், ஒரு பொய் சொல்லவில்லை, வேண்டுமானால் வேதத்தில் அடித்துச் சொல்கிறேன். மூன்றே வார்த்தை, இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனேன், மிதவையில் போகும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அதை மட்டும் அவனிடம் நான் சொல்லவில்லை.